பெண் எங்கே இருக்கிறாள்? செல்போன் சொல்வதை நம்பலாமா?

மாலை மணி ஆறரை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த பஸ் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நிற்கிறது. கல்லூரி மாணவிகள், கடைகளில் வேலை பார்ப்பவர்கள், மூட்டையும் முடிச்சுமாகச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் இறங்குகிறார்கள். ஒரு தாயாரின் கண்கள் மட்டும் பஸ் படியை விட்டு அகலவில்லை. கடைசி ஆளும் இறங்கியாயிற்று. மகளைக் காணோம். போன் போட்டால், "நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்" என்கிறது ஒரு குரல்.

அடுத்த பஸ்ஸில் மகள் வந்துவிடுகிறாள். முதல் பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம். போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் தாயார் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்பிய வீடுகளில் இப்படி ஒரு மாலைப் பொழுது வராமல் போவதில்லை.

மறுநாளே யாராவது யோசனை சொல்வார்கள்: "பொண்ணு போன்ல ஒரு ஆப் போட்டுடுங்க அக்கா. எங்க இருக்குதுன்னு மேப்லயே காட்டிடும்."

நல்ல யோசனைதான். ஆனால் எந்த ஆப்? கடையில் கேட்டால் ஒன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வேறொன்று சொல்கிறான். விளம்பரமோ, "உங்கள் பிள்ளைக்குத் தெரியாமலே கண்காணியுங்கள்!" என்று ஆசை காட்டுகிறது. இந்தக் கடைசி வார்த்தையில்தான் வினையே இருக்கிறது.

புள்ளி பொய் சொல்லுமா?

முதலில், போன் எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொள்வது உசிதம். வானத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், போன் தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போட்டு அறிந்துகொள்ளும். வெட்டவெளியில் இந்தக் கணக்கு சில மீட்டர் தூரத்துக்கு மேல் பிசகாது. காங்கிரீட் கட்டடத்துக்குள்ளே போய்விட்டால் சமிக்ஞை மங்கிவிடும். அப்போது போன் பக்கத்திலுள்ள வைஃபையையும் செல்போன் கோபுரங்களையும் வைத்து ஊகம் செய்கிறது. பட்டணத்தில் தெருவுக்கு ஒரு கோபுரம். ஊகம் ஓரளவு சரியாக இருக்கும். கிராமத்துப் பக்கம் கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால், கிலோமீட்டர் கணக்கில்கூடப் பிசகலாம்.

இதோடு முடியவில்லை. தெரிந்துகொண்ட இடத்தை இன்டர்நெட் வழியாகத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். டேட்டா தீர்ந்திருந்தால், அல்லது பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் போனே அந்த ஆப்பைத் தூங்கவைத்திருந்தால், வீட்டில் இருப்பவர் பார்க்கும் புள்ளி அரை மணிக்கு முந்தியதாக இருக்கும். புள்ளியின் கீழே, அது எந்த நேரத்துக் கணக்கு என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பதறும் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

"காலேஜில இருக்கேன்னு சொன்னியே, மேப்பில் ஏரிக்கரையைக் காட்டுதே!" என்று தகப்பனார் கேட்கிறார். பெண் என்ன பதில் சொல்வாள்? இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமல்ல. மேல்படிப்புக்காகக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏறும் பெண்ணின் படிப்பு, பல வீடுகளில் நூலிழையில் தொங்குகிறது. ஒரு தப்பான புள்ளி போதும், "படிச்சது போதும், வீட்டில் இரு" என்று சொல்லிவிட. பாதுகாப்புக்காக வாங்கிய கருவி படிப்பைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

கோயில் சுவரில் ஒரு பாடம்

ஒருவரை நம்பி அதிகாரத்தை ஒப்படைப்பது எப்படி என்பதில் உத்திரமேரூருக்கு ஆயிரம் வருஷத்துப் பழக்கம் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளை இன்றும் காணலாம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை.

தேர்ந்தெடுத்த விதம் அதைவிட விசேஷம். சிறியவர் பெரியவர் உட்பட மகாசபை கூடியிருக்க, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். பதவியோ ஒரே வருஷம்.

அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை, நிலமில்லாதவருக்கும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் பொற்காலம் என்று நாம் மயங்க வேண்டாம். ஆனாலும் மூன்று விஷயங்களில் அவர்கள் கெட்டிக்காரர்கள்: பலர் அறியத் தேர்ந்தெடுத்தார்கள், கெடு வைத்தார்கள், கணக்குக் கேட்டார்கள். மகளின் போனில் ஏற்றும் ஆப்பும் வீட்டுக்குள் அதிகாரம் பெறும் ஓர் ஆள்தானே? அதையும் இந்த மூன்று கேள்விகளால் நிறுத்துப் பார்க்கலாம்.

கணக்குக் காட்டாதவர்கள்

கணக்கிலிருந்தே தொடங்குவோம். பிள்ளை போகுமிடம் வருமிடமெல்லாம் தெரிந்துகொள்ளும் கம்பெனி, அந்த விவரத்தை என்ன செய்கிறது?

அமெரிக்காவில் லைஃப்360 என்று ஒரு பிரபல ஆப் உண்டு. குடும்பத்தார் அனைவரும் ஒருவரையொருவர் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். சௌகரியமான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கம்பெனி, குடும்பங்களின் இருப்பிட விவரங்களைத் தரகர்களுக்கு விற்று வந்ததை 2021 டிசம்பரில் 'தி மார்க்கப்' என்ற செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. அடுத்த மாதமே, துல்லியமான இருப்பிட விவரங்களை விற்பதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொள்வதாகக் கம்பெனி அறிவித்தது.

விற்காமலே வீதிக்கு வந்த கதையும் உண்டு. ஃபேமிலி லொக்கேட்டர் என்ற ஆஸ்திரேலிய ஆப்பில் இருந்த சுமார் 2,38,000 பேருடைய விவரங்கள், பூட்டில்லாத கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்தது 2019 மார்ச்சில் தெரியவந்தது. யார் வேண்டுமானாலும், எந்தக் குழந்தை இப்போது எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கலாம். பெற்றோர் யாருக்குப் பயந்து ஆப் போட்டார்களோ, அவனுக்கே வழி காட்டியது போலாயிற்று.

ஒளிந்திருந்து வேவு பார்க்கும் ஆப்கள் இன்னும் மோசம். போனில் தன் அடையாளத்தையே மறைத்துக்கொண்டு, செய்திகளையும் படங்களையும் எங்கேயோ உள்ள கிடங்குக்கு அனுப்புபவை இவை. ஸ்பைஃபோன் என்ற இத்தகைய நிறுவனத்தை இந்தத் தொழிலிலிருந்தே விலக்கி 2021 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. எம்ஸ்பை என்ற மற்றொன்றின் வாடிக்கையாளர் விவரங்கள் ஒரு முறையல்ல, பல முறை கசிந்திருக்கின்றன. ஆகவே "தெரியாமலே கண்காணியுங்கள்" என்று அழைக்கும் எதையும் தொடாமலிருப்பதே மேல்.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது?

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வழி, கல்லூரிப் பெண்ணுக்கு ஒரு வழி. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

சிறு பிள்ளையிடம் தனி ஆண்ட்ராய்டு போன் இருந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் போதுமானது. காசு கிடையாது. ஒரு நாளில் இத்தனை நேரம்தான் என்று அளவு வைக்கலாம், இரவில் பூட்டலாம், புதிய ஆப் இறக்கும்போது பெற்றோரின் அனுமதியைக் கேட்கும், இருக்குமிடத்தையும் காட்டும். பிள்ளை பேசுவதையோ எழுதுவதையோ அது படித்துக் காட்டுவதில்லை. தான் கண்காணிப்பில் இருப்பது பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் இருந்தால், நேரத்துக்கு அளவு வைக்கும் வேலையை ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் செய்யும்.

கிராமத்து வீடுகளில் பலவற்றில் பிள்ளைக்குத் தனிப் போன் கிடையாது. தகப்பனார் வேலையிலிருந்து வந்ததும் அவருடைய போன்தான் பிள்ளையின் கைக்குப் போகும். அங்கே தனி ஆப் எதுவும் வேண்டாம். பிளே ஸ்டோரில் பெற்றோர் கட்டுப்பாட்டைப் போட்டு, பணம் கட்டும் ஆப்களுக்கு ரகசிய எண் வைத்து, யூடியூபுக்குப் பதில் யூடியூப் கிட்ஸைத் திறந்து கொடுத்தாலே பாதிக் கவலை தீரும்.

கல்லூரிப் பெண்ணின் விஷயம் வேறு. பதினெட்டு நிறைந்தவள் சட்டப்படி மேஜர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாமல் எதையும் போனில் ஏற்றுவது முறையல்ல. ஏற்றவேண்டிய அவசியமும் இல்லை. வாட்ஸ்அப்பிலேயே, இருக்குமிடத்தைப் பதினைந்து நிமிஷமோ, ஒரு மணியோ, எட்டு மணியோ பகிரும் வசதி 2017 முதல் இருக்கிறது. நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடும். கெடு வைத்த அதிகாரம் என்றால் இதுதான்! கூகுள் மேப்பில் பகிர்ந்தால், போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்பதும் வீட்டுக்குத் தெரியும். நம்முடைய தாயாருக்கு அன்று மாலை வேண்டியிருந்ததே இந்த ஒரு விவரம்தான்.

காசு கேட்கும் ஆப் எதையாவது எடுப்பதானால், "ஏழு நாள் இலவசம்" என்பதை நம்பித் தானாகப் பணம் பிடித்தத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட வேண்டாம். எட்டாம் நாள் வங்கியிலிருந்து பணம் போன பிறகுதான் பலருக்கு விஷயம் புரிகிறது. ஆபத்து என்று வந்துவிட்டால் எந்தப் புள்ளியையும் பார்த்துக்கொண்டு உட்காராமல் 112-ஐ அழைக்க வேண்டும், குழந்தைகளுக்கு 1098.

எந்த ஆப் ஆனாலும் அதைப் போடும் நாளில் பெண்ணும் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். எப்போது பார்ப்பது, எதற்குப் பார்ப்பது, புள்ளி தப்பாகக் காட்டினால் முதலில் என்ன செய்வது என்று அப்போதே பேசிக்கொள்ளலாம். "முதலில் போன் பண்ணிக் கேளுங்க, அப்புறம் கோவிச்சுக்குங்க" என்று ஒரு பெண் நிபந்தனை போட்டால் அது நியாயமான நிபந்தனைதான். பரீட்சை முடியும்வரை, அல்லது மழைக்காலம் தீரும்வரை என்று கெடுவும் வைத்துக்கொள்ளலாம்.

பெண் மட்டுமே புள்ளியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் தகப்பனாரும் தம் இருப்பிடத்தைப் பகிரலாம். அவர் வரும் சாலையும் இருட்டுதான். பதினொன்றரை மணிக்குத் தாயார் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, போனைப் பார்த்துவிட்டு மகள் சொல்லலாம்:

"அப்பா வாலாஜாபாத் தாண்டிட்டார்மா. நீ சாப்பாட்டை எடுத்து வை."