வளைந்த முதுகும் உணர்வகற்றும் ஊசியும்

இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நோய் 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஹவுராவில் ஒரு பெண்குழந்தையைத் தீண்டியதோடு இந்தியாவை விட்டகன்றது. 2014 மார்ச்சு 27-இல் உலக சுகாதார நிறுவனத்தார் அதற்கு நற்சான்றும் அளித்தனர். நோய் அகன்றதேயன்றி, அதனால் தாக்குண்டோர் அகன்றாரல்லர். திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தருகிலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் ஊன்றுகோலோடு செல்வாரை நாம் இன்றும் காண்கின்றோம். அவருள் ஒருவர்க்குத் தொடையெலும்பு முறிந்தாலோ, மகப்பேற்றின்போது வயிற்றைக் கீற நேர்ந்தாலோ, வலியை எங்ஙனம் அகற்றுவது? முதுகு வளைந்திருத்தலால் 'ஊசி கூடாது' என ஒரே சொல்லில் மறுக்கப்பட்டோர் உளர்.

போலியோக் கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களையே அழிக்கும்; உணர்ச்சி நரம்புகளைத் தொடுவதில்லை. ஆதலின் அசையாத காலிலும் வலி முழுமையாகவே தோன்றும். உடலின் ஒருபுறத்துத் தசைகள் நலிய, மறுபுறத்தன இழுக்க, வளரும் பிள்ளையின் முதுகெலும்பு பக்கமாக வளைகின்றது. பொதுமக்கள் இதனையும் கூன் என்பர். கூன் முன்னோக்கிக் குனிவது. இஃதோ பக்கவாட்டில் வளைந்து, கயிறுபோல் முறுக்கும் ஏறியது. அம்முறுக்கே வைத்தியர்க்குப் பெருந்தொல்லை.

இத்தகையோரை முற்றிலும் மயக்குவதிலும் இடர் உண்டு. மார்புக்கூடு ஒடுங்கியிருப்பதாலும் மூச்சுத் தசைகள் தளர்ந்திருப்பதாலும், தசைகளை நெகிழ்விக்கும் மருந்துகள் இவரிடம் மிகுதியாக வேலை செய்யக்கூடும். ரணசிகிச்சைக்குப்பின் தாமே மூச்சுவிடுதல் அரிதாகலாம். 1898-இல் கீல் நகரத்து ஆகஸ்டு பீர் என்னும் ஜெர்மானியர் கையாண்ட முதுகூசி முறையிலோ நோயாளி விழித்திருந்து தாமே மூச்சுவிடுவார். இதனையும் 'மயக்க ஊசி' என்று வழங்குதல் பிழையே. இங்கே மயங்குவார் எவருமிலர்.

தண்டுவடம் இடுப்பின் முதலெலும்பளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே, தோல், கொழுப்பு, தசைநார்கள், சவ்வுகள் ஆகியவற்றைக் கடந்து, நரம்பு வேர்கள் மிதக்கும் நீரில் மருந்தைச் செலுத்துவர். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின்கீழ் நின்று வடக்கே நோக்குவார்க்கு உள்வாயில்கள் ஏறக்குறைய நேராக அமைந்திருத்தல் புலப்படும். நேரான முதுகில் ஊசியின் வழியும் அத்தகையது. முறுக்குண்ட முதுகிலோ வாயில்கள் வரிசை பிறழ்ந்து நிற்கும். விரலுக்குத் தட்டுப்படும் முள்நுனிகள் வளைவின் உட்புறம் திரும்பியிருக்க, எலும்பின் உடற்பகுதி வெளிப்புறம் திரும்பியிருக்கும். ஆகவே முள்ளை நம்பி நேரே குத்துவார் எலும்பையே முட்டுவர். ஊசிமுனையை வளைவின் வெளிப்புறம் நோக்கிச் சாய்த்தல் வேண்டும். எலும்பிடை வழியும் அப்புறமே அகன்றிருக்கும். இந்நாளில் ஒலியலைக் கருவியால் அவ்வழியை முன்னரே கண்டு தோலில் குறியிட்டுக்கொள்ளலாம்.

நிற்க. ஊசி சேர்ந்த பின்னும் ஐயம் ஒழிவதில்லை. சர்க்கரை கலந்த கனமான மருந்து, ஆற்றுவளைவின் மடுவில் நீர் தேங்குவதுபோல், தாழ்ந்த பக்கத்திற் சென்று தேங்கும். ஒருகால் மரத்திருக்க மறுகால் வலிக்கவுங்கூடும். இடமிருப்பின் மெல்லிய குழாய் வைத்துச் சிறிது சிறிதாக மருந்தேற்றுவாரும் உளர்.

பழைய வாதத்தை இவ்வூசி பெருக்குமென்னும் அச்சம் நெடுநாளாக இருந்துவருகின்றது. புதிய தளர்ச்சி நேராமல் இதனைப் பெற்றோர் பலர். எனினும், எக்காலில் எத்துணை வலிவுண்டு என்பதை முன்னரே சோதித்து எழுதிவைத்தல் தேவை. இல்லையேல் நாற்பதாண்டுக்கு முந்திய தளர்ச்சியின் பழி நேற்றைய ஊசியின்மேல் விழும். முதுகில் இரும்புக்கம்பி பொருத்தப்பெற்றவர் தம் எக்ஸ்-ரே படத்தையும் உடன் கொண்டுசெல்லுதல் நலம். கம்பி எதுவரை இறங்கியுள்ளது என்பதைப் பொறுத்தே ஊசிக்கு இடம் உண்டா, இல்லையா என்பது துணியப்படும்.