பழம்பொருள் வியாபாரமும் புதுச் சட்டங்களும்

தூத்துக்குடியைப் போன்ற பழைய துறைமுகத்தில் பழம்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. 1658-ல் அவ்வூரைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியார் தம் செப்புக் காசுகளில் பொறித்த மூன்று ஆங்கில எழுத்துக்களும், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்த வ.உ.சி. அவர்களின் பெயருக்குரிய ஆங்கில எழுத்துக்களும் ஒன்றேயாயிருப்பது ஒரு வேடிக்கை. அக்காசும், அக்கம்பெனியின் இருபத்தைந்து ரூபாய்ப் பங்குப் பத்திரமும் இன்று இணையச் சந்தையில் விலைபோகக்கூடிய சரக்குகள். இவற்றை விற்பவர் எத்தனை சட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதென்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

1972-ல் இயற்றப்பட்டு 1976-ல் அமலுக்கு வந்த தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு வருஷமான நாணயமும், எழுபத்தைந்து வருஷமான சரித்திர மதிப்புள்ள பத்திரமும் தொல்பொருள்களே. லைசென்ஸின்றி அவற்றை வியாபாரம் செய்வோருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசம் விதிக்கலாம். தனி மனிதர் அவற்றை அந்நிய தேசத்திற்கு ஏற்றுமதி செய்வதோ அடியோடு குற்றம். அதற்கு மூன்று வருஷம் வரை தண்டனையுண்டு. இதிலோர் விசித்திரம். சட்டத்தின் எழுத்து மாறாதிருக்கையிலேயே சரக்கு மாறிவிடுகிறது. 1910-ம் வருஷத்துப் பங்குப் பத்திரம் சட்டம் அமலான நாளில் வெறும் பழங்காகிதம். 1985-ல் அதுவே தொல்பொருளாயிற்று. பாட்டனார் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து விற்பவர் வியாபாரியல்லர். வாரந்தோறும் இரண்டு காசுகளைக் கைப்பேசி வழியே விற்பவர்? அவர் வியாபாரியா அல்லவா என்பதற்குச் சட்டத்தில் தெளிவான எல்லைக்கோடில்லை. வக்கீலிடம் ஓடத்தான் வேண்டும்.

கடற்பொருள்களின் கதை வேறு. 2001-ல் பவளப்பாறைகளும், நாட்டிலஸ் முதலான சில சிப்பியினங்களும் வனவிலங்குச் சட்டத்தின் காப்புப் பட்டியலில் சேர்ந்தன. மன்னார் வளைகுடாவின் நிலைமையை அறிந்த எவரும் இதை ஆட்சேபியார், நாமும் ஆட்சேபிக்கவில்லை. ஆயினும் முப்பது வருஷமாய் அலமாரியிலிருந்த பவளக்கொத்தை விற்க முற்படுபவர், தாம் குற்றவாளியாவதை அறிவாரா?

வரி விஷயத்தில் சர்க்கார் சிறிது இரங்கியிருக்கின்றனர். இணையச் சந்தை வழியாக மாகாணத்திற்குள்ளேயே சரக்கு விற்கும் சிறு வியாபாரிக்கு 1-10-2023 முதல் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் அவர் கல்கத்தாவுக்கு ஒரே ஒரு காசை அனுப்பினாலும் அச்சலுகை போய்விடும். பழங்காசு சேகரிப்போர் எல்லோரும் தமிழ்நாட்டிலேயே குடியிருப்பதாகச் சர்க்கார் நினைத்தார்கள் போலும்!

இத்தனைக் கட்டுக்களுக்கிடையிலும் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கடல் கடந்து ஆஸ்திரேலியா சென்று, 2014-ல்தான் திரும்பினார். வலை சிறு மீனுக்கே இறுகுகிறது. சட்டத்தைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. சிறு வியாபாரி எவரென்பதை விதிகளில் வரையறுத்து, லைசென்ஸைத் தாமதமின்றி வழங்கி, தடை செய்யப்பட்ட சிப்பிகளின் படங்களைத் தமிழ்ப் பெயர்களோடு அச்சிட்டுத் துறைமுகக் கடைவீதியில் தொங்கவிடும்படி சர்க்காரைக் கேட்கிறோம்.