வேலி தரும் களாக்காய்

மணப்பாறை, துறையூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களுக்கு வேலிக்கெனக் கடன் கோரும் அங்கத்தினர்கள், கம்பிக்கு முன் களாவை எண்ணிப் பார்ப்பது நலம். நம் நாட்டுச் செடி. என்றும் பசுமை மாறாதது. வேரூன்றிய பின் வறட்சி தாங்கும். முள் ஆடுமாடுகளை அண்டவிடாது. கம்பியோ துருப்பிடிக்கும், காய்ப்பதுமில்லை!

ரொட்டிக் கடைகளில் 'செர்ரி' எனப்படும் செம்பழம் பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகிலிட்ட களாக்காயே. பெயர் மாறியதும் விலையும் ஏறுகிறது. விளைவித்தவருக்கோ அதில் பங்கில்லை. சங்கமே காயைக் கொள்முதல் செய்தல் வேண்டும். காயின் பாலை உப்புநீரில் ஊறவைத்துப் போக்கலாம். உப்பிலிட்டது மாதக்கணக்கில் கெடாது. ஆகவே மழையால் தெருவில் பாவு விரிக்க இயலாத நாட்களில் உறையூர் நெசவாளர் இல்லத்துப் பெண்டிர் அதனை ஊறுகாயாக்கித் திருவரங்கத்து யாத்திரிகர்களுக்கு விற்கலாம்.

விதையைப் பழத்தினின்று எடுத்ததும் விதைத்துவிடுக; வைத்திருந்தால் முளைப்புத்திறன் குன்றும்.