குதிரைக்குப் பின்னங்கால் வாதம்: மூட்டு ஒட்டிக்கொண்டால் பயம் வேண்டாம்

புதுச்சேரித் தெருக்களில் குதிரை வண்டி ஓடிய காலம் மலையேறிவிட்டது. குதிரை போய்விடவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வருகிறது, ஆரோவில் பக்கம் சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமக்கிறது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, வயது பதினைந்தைத் தாண்டியும் உழைக்கிற குதிரைகள் உண்டு. அவற்றைப் பிடித்து ஆட்டுவது பின்னங்கால் வாதம்.

எந்த மூட்டு?

பின்னங்காலின் நடுவே பின்பக்கம் துருத்தி நிற்பதைப் பலரும் முழங்கால் என்கிறார்கள். உண்மையில் அது நம் கணுக்காலுக்குச் சமம். கூராகத் தெரிவது குதிகால் எலும்பு. அது ஒற்றை மூட்டும் அல்ல, ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு. காலை மடக்கி நீட்டுகிற வேலை அனேகமாக மேல் மூட்டுடையது. கீழ் இரண்டும் அசைவதே அரிது. அதிர்வைத் தாங்குவதுதான் அவற்றின் வேலை. தேய்மானம் பெரும்பாலும் அந்தக் கீழ் இரண்டில் வருகிறது.

அங்கே குருத்தெலும்பு கரைந்து, எலும்பும் எலும்பும் ஒட்டி ஒன்றாகிவிட்டால் வலி போய்விடும், நடையும் பெரிதாகக் கெடாது. ஒட்டும்வரை உள்ள காலம்தான் வேதனை. சில குதிரைகளுக்கு வருடக்கணக்கில் இழுக்கும். சிலவற்றுக்குக் கடைசிவரை முழுதாக ஒட்டாது.

அடையாளங்கள்

காலையில் கொட்டிலைவிட்டு வரும்போது விறைப்பு, கொஞ்சம் நடந்தபின் சரியாவது. குளம்பின் முன்நுனி தரையில் உரசித் தேய்ந்திருப்பது. லாடம் கட்டக் காலைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்வது. இரண்டு காலிலும் சமமாக வலித்தால் நொண்டலே தெரியாது. குதிரைக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டிவிடுவார்கள்.

மருத்துவர் காலை ஒரு நிமிஷம்போல மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓட்டிப் பார்ப்பார். மரத்துப்போகும் ஊசியும் எக்ஸ்ரேயும் இடத்தை உறுதிசெய்யும். உழவர்கரைக்காரர்களுக்குக் குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

மருந்தும் லாடமும்

குதிரை உலகின் பழைய வலிமருந்து ஃபீனைல்பியூட்டசோன். நன்றாகக் கேட்கும், அளவு மீறினால் வயிற்றுப்புண், பெருங்குடல் அழற்சி, சிறுநீரகக் கேடு. ஃபைரோகாக்சிப், மெலாக்சிகம் என்று வேறும் உண்டு. கையில் கிடைத்தது என்று டைக்ளோஃபெனாக் ஊசியைப் போடாதீர்கள். கால்நடைக்கு அது 2006 முதல் தடை. மருந்து ஏறிய உடலைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததுதான் காரணம். 2023இல் கீட்டோப்ரோஃபெனும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில மாதங்கள் நிம்மதி. வயதான, கொழுத்த குதிரைக்கு அதனால் குளம்பழற்சி வரும் அபாயம் இருப்பதால், போடலாமா என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும்.

லாடக்காரரின் பங்கு சாதாரணமானதல்ல. முன்நுனியைக் குறைத்துச் சீவினால் குளம்பு சுலபமாகத் தரையைவிட்டு எழும்பும், மூட்டுக்கு இழுவிசை குறையும்.

ஒட்டவைக்கும் சிகிச்சை

மருந்துக்கு அடங்காதபோது மூட்டைச் செயற்கையாக ஒட்டவைக்கலாம். துளையிட்டுக் குருத்தெலும்பை எடுப்பது ஒரு வழி. எத்தனால் செலுத்தி அழிப்பது இன்னொன்று. எத்தனாலுக்கு முன் சாயம் செலுத்தி எக்ஸ்ரே பார்த்தே ஆகவேண்டும். சில குதிரைகளுக்குக் கீழ் மூட்டுக்கும் மேலே உள்ள மூட்டுக்கும் உள்வழி இருக்கும். அந்த வழியே கசிந்தால் நல்ல மூட்டும் பாழ். ஒட்டவைப்பதெல்லாம் கீழ் இரண்டுக்கு மட்டும்தான். மேல் மூட்டில் வாதம் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கட்டிப்போடாதீர்கள்

நொண்டுகிறதே என்று கொட்டிலில் மாதக்கணக்கில் கட்டிவைப்பது பாவம் பார்ப்பதாகத் தோன்றும். விறைப்பு கூடத்தான் செய்யும். தினமும் நிதானமான நடை, நேர்கோட்டில், மெத்தென்ற மண்ணில். தார் ரோடும் சின்ன வட்டங்களும் வேண்டாம். கொள்ளைக் குறைத்து எடையை இறக்குங்கள். ஊர்வலத்தில் இரண்டு காலில் நின்று ஆடும் குதிரைக்குப் பின்னங்கால் மூட்டுகள்தான் மொத்த பாரத்தையும் ஏற்கின்றன. வாதம் கண்ட குதிரையை அந்த ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள், எவ்வளவு கூலி கொடுத்தாலும்.