நிவாரண அரிசியும் வளவுக் கீரையும்

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் பல குடும்பங்களின் கையில் இருப்பது உலர் உணவுப் பொதிதான்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். வயிறு நிறைய இது உதவும். இரத்தம் ஊறவும் பிள்ளையின் எலும்பு வளரவும் இது மட்டும் போதாது. மாதக்கணக்கில் சோறும் பருப்பும் ரொட்டியும் மட்டும் உண்டவர்களுக்குச் சோர்வு, மூச்சிளைப்பு, வெளிறிய கண்மடல், வாயோரப் புண் போன்றவை வரலாம். பொதியில் இல்லாததைக் கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. அதிற் பெரும்பகுதி வளவிலும் வேலியிலும் கிடைக்கும். நிவாரண மாவை விற்றுப் பிஸ்கட் வாங்குவது நட்டக் கணக்கு.

முதலில் முருங்கையைத் தேடுங்கள். ஆட்கள் இல்லாத வளவிலும் அது தப்பி நின்றிருக்கும். அதன் இலையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கண் பார்வைக்குத் தேவையான விற்றமின் ஏ சத்தும் உண்டு. இலையை முதலில் கழுவி, பிறகு அரியுங்கள். அரிந்த பின் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துக் குறைந்த நேரத்தில் வறையாக்குங்கள். விற்றமின் ஏ உடலிற் சேரக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ வேண்டும். இறக்கிய பின் பாதித் தேசிக்காய்ப் புளி விடுங்கள். இலையின் இரும்புச்சத்தை உடல் நன்றாக எடுக்க அந்தப் புளி உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதே சத்துத் தடைப்படும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை, பயிற்றை இலை எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கீரைக்காகவோ விறகுக்காகவோ மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள், பற்றைக்குள், கைவிடப்பட்ட பாதைக்குள் கால் வைக்காதீர்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் திரும்பி வந்த வழியே போய்விடுங்கள். இலை பறிக்கப் பிள்ளைகளைத் தனியே அனுப்பவும் வேண்டாம்.

முகாமில் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கு இலைக்கறி புதிது, துப்பத்தான் செய்யும். அடிக்காமல், அதட்டாமல், பழகிய பருப்புக்குள் ஒரு பிடி இலையை மசித்து விடுங்கள். பிறகு இலையைக் கூட்டிப் பருப்பைக் குறையுங்கள். இலைக்கஞ்சியாகக் கொடுத்தாலும் குடிக்கும். பெரியவர்களின் வயிற்றுக்கும் இதே பொறுமை வேண்டும். வெகுநாள் வெள்ளைச் சோறு உண்ட வயிற்றுக்கு ஒரேயடியாகப் பயறும் கௌபியும் கொடுத்தால் ஊதிப் பொருமும். முதல் வாரம் ஒரு நாள், அடுத்த வாரம் இரண்டு நாள் என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

கோதுமை மாவில் மூன்று நேரமும் ரொட்டி சுடுவது இலகுதான், ஆனால் நல்லதல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சற்றும் நல்லதல்ல. இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா கலந்து புட்டு அவியுங்கள். குரக்கன் கிடைக்காவிட்டால் ரொட்டி மாவுக்குள் அரிந்த முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசையுங்கள். சொந்த நெல் வந்ததும் புழுங்கல் குத்தரிசிக்கு மாறுவது நல்லது. எந்த அரிசியானாலும் இரண்டு முறைக்கு மேல் கழுவ வேண்டாம். கஞ்சித் தண்ணியை ஊற்றாமல் உப்பிட்டுக் குடியுங்கள்.

பருப்போ பயறோ சோற்றோடு ஒரே நேரத்தில் உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஆகவே பருப்பை ஒரு நேரத்துக்கும் வெறுஞ்சோற்றை மறுநேரத்துக்கும் பிரிக்காமல், இரண்டு நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். பயறு, கடலை, கௌபியை முதல்நாள் இரவே ஊறப்போட்டால் பாதி விறகு மிச்சம். மீன் வாங்கப் பணம் குறைவென்றால் பெரிய மீனில் ஒரு துண்டை விட முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி பிரயோசனம். கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவைத்து உப்பைக் கழுவிச் சமையுங்கள். மரவள்ளிக்கிழங்கு என்றால் தோலை முழுதாக உரித்து, மூடாத சட்டியில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிடுங்கள். கசக்கும் கிழங்கை உண்ண வேண்டாம்.

நிவாரண அட்டை முடியும் வரை காத்திராமல் வந்த கிழமையே நடுங்கள். முளைக்கீரை விதைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பிடுங்கலாம். பொன்னாங்காணித் தண்டை ஊன்றினாலே வரும், முருங்கைத் தடியும் அப்படியே. வெண்டி காய்க்க ஒன்றரை மாதமளவில் ஆகும், பயறு இரண்டு மாதம் தாண்டும். பாத்தியைக் கிணற்றடியில், சட்டி கழுவும் தண்ணி ஓடும் பக்கமாக வெட்டினால் தனியாக இறைக்கத் தேவையில்லை. கிணறு இன்னும் துப்புரவு செய்யப்படவில்லையென்றால் அந்தத் தண்ணி பாத்திக்கு மட்டும்தான். குடிக்கும் தண்ணியை வேறு பாதுகாப்பான இடத்தில் எடுத்து, கொதிக்க வைத்து ஆற விடுங்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் திரிபோஷா கொடுக்கப்படுகிறது. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் யாருக்குத் தேவையோ அவருக்குப் போதாமற் போகும். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதியுங்கள். இடம்பெயர்வில் பிள்ளையின் நிறைப் பதிவு தொலைந்திருந்தால் தயங்காமற் சொல்லுங்கள், புதிதாக நிறுத்துப் பதிந்து தருமாறு கேட்கலாம்.