நறுமணமும் நுகர்வோர் வேறுபாடும்

ஒரே கருப்பஞ்சாற்றைச் சுவைத்த இருவர் அதனை இனிப்பென்றே கூறுவர். ஒரே வாசனைத் திரவியத்தை முகர்ந்த இருவருள் ஒருவர் அதனைப் பாகென்றும் மற்றவர் மருந்தென்றும் கூறுதலோ அடிக்கடி நிகழ்வதாகும். இவ்வேறுபாடு இரசனைக் குறைவால் எழுவதா, பாசாங்கால் எழுவதா, அன்றி மூக்கின் இயல்பிலேயே அமைந்து கிடப்பதா என்பது ஆராயத்தக்கது. மரமணமும் அம்பர் மணமும் விரவிய திரவியங்களில் இவ்வேறுபாடு மிகுந்து தோன்றுதலின், அவற்றையே சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்குதும்.

அம்பர் என்னும் பெயரே மயக்கந் தருவது. பால்டிக் கடற்கரையிற் கிடைக்கும் பழம் மரப்பிசின் கல்லும் அம்பர் எனப்படும்; எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து முதிர்ந்து மணம்பெறும் பொருளும் அம்பர் எனப்படும். பின்னையதே தமிழ் மருத்துவ நூலோர் மீனம்பர் எனக் குறிப்பது. வாசனைத் தொழிலாளரோ இலப்டனம் என்னும் பிசினையும், சாம்பிராணி வகையையும், வனிலாவையும் கூட்டியமைக்கும் வெம்மையான இனிய மணத்தையும் இப்பெயராலேயே வழங்குவர். 1950ஆம் ஆண்டளவில் செனீவா நகரிலே பேர்மெனிச் நிறுவனத்து இரசாயனர் ஸ்ரோல், ஹிண்டர் ஆகியோர், கிளாரி சேஜ் என்னும் பூண்டிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு மீனம்பரின் மணமுடைய அம்பிறொக்சைட்டை ஆக்கினர். இக்காலத் திரவியங்கள் பெரும்பாலானவற்றில் அம்பர் எனப்படுவது இத்தகைய ஆக்கப் பொருளே.

பிரான்சிலே 1764இல் நிறுவப்பெற்ற பக்கறா பளிங்குத் தொழிற்சாலை தனது 250ஆம் ஆண்டு நிறைவை 2014இற் கொண்டாடியபொழுது, பிரான்சிஸ் குர்க்ஜியான் என்னும் வாசனைக் கலைஞர் அதன்பொருட்டு 'பக்கறா றூஜ் 540' என்னும் திரவியத்தை அமைத்தார். குங்குமப்பூ, மல்லிகை, சீடர் மரம், அம்பர் ஆகியவற்றின் மணங்கள் அதற்கு உரியனவாகக் கூறப்படும். அதனை அணிந்தோர் உரைகளோ ஒன்றோடொன்று பொருந்துவனவல்ல. காய்ச்சிய சீனிப்பாகு, தும்புமிட்டாய் என்பார் சிலர். பல் வைத்தியசாலையின் மருந்து வாடை என்பார் சிலர். வேறு சிலர் தமக்கு யாதும் மணக்கவில்லை என்பர். அருகிருப்போரோ அவரிடமிருந்து மணம் நெடுந்தூரம் பரவுகின்றது என்பர். ஒரு குப்பியிலிருந்து இத்தனை தீர்ப்புகள் பிறத்தற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது காலம். தோலிலே தெளித்த திரவியத்திலிருந்து அற்ககோல் முதலிற் பறக்கும். பின்னர் இலேசான மூலக்கூறுகள் பறக்கும். மர, அம்பர் மணங்களைத் தரும் பாரமான மூலக்கூறுகள் பல மணிநேரம் தங்கியிருந்து மெல்ல மெல்ல ஆவியாகும். ஆகவே கடையிலே கடதாசித் துண்டில் முகர்ந்தவரும் மாலையிலே மணிக்கட்டில் முகர்ந்தவரும் சான்று பகர்வது ஒரு பொருளின் இருவேறு நிலைகளுக்கே. தோலின் வெப்பமும் எண்ணெய்ப்பசையும் ஆவியாகும் வேகத்தை மாற்றுவனவாம்.

இரண்டாவது, மூக்கின் அமைப்பு. மூக்குக் குழியின் மேற்புறத்திலுள்ள நரம்புக் கலங்களில் மண மூலக்கூறுகளை ஏற்கும் புரதங்கள் உள. இவை வாங்கிகள் எனப்படும். இவற்றுக்குரிய பரம்பரையலகுகளை 1991இற் கண்டறிந்து வெளியிட்ட லிண்டா பக், றிச்சேட் அக்செல் ஆகியோர் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடத்துத் தொழிற்படும் வாங்கி வகைகள் ஏறக்குறைய 400. அவை எல்லோரிடத்தும் ஒரே வடிவினவல்ல. அன்ட்றொஸ்ரினோன் என்னும் பொருள் சிலருக்குச் சிறுநீர் போலவும், சிலருக்கு இனிய வனிலா போலவும் மணக்கும், சிலருக்கு மணப்பதேயில்லை. இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி ஒரேயொரு வாங்கியின் பரம்பரையலகு வேறுபாட்டால் நிகழ்வதென்பது 2007இல் நிறுவப்பட்டது. மரமும் அம்பரும் மணக்கும் ஐசோ ஈ சூப்பர் என்னும் பொருளை மட்டும் கொண்டு, கேசா ஷோன் என்பார் 2006இல் 'மொலிக்கியூல் 01' என்னும் திரவியத்தை வெளியிட்டார். அப்பொருளும் பல சமபகுதியங்களின் கலவையே. அவற்றுள் வன்மையாக மணப்பது சிற்றளவினதே. இதனை அணிந்தோருட் சிலர் தெளிந்த மரமணத்தைக் கூறினர். சிலர் யாதுமில்லை என்றனர். சிலர் மணம் மறைந்து மறைந்து தோன்றுகின்றது என்றனர். பல சரக்குகள் கூடாதவிடத்தும் தீர்ப்புகள் வேறுபடுதலின், வேறுபாட்டின் வேர் நுகர்வோரிடத்தும் உண்டென்பது பெறப்படும்.

மூன்றாவது பழக்கம். ஒரு மணம் இடையறாது மூக்கிற் படுமாயின் உணர்ச்சி விரைந்து மங்கும். அணிந்தவர் தம் திரவியத்தை உணராதிருக்க, புதிதாக அறையினுள் வருபவர் அதனை உடனே உணர்தல் இதனாலேயாம். இதற்கு மறுதலையான பழக்கமும் உண்டு. அன்ட்றொஸ்ரினோனை உணராத 20 பேர் ஆறு வாரம் அதனை நாடோறும் முகர்ந்துவர, அவருள் 10 பேர் உணரும் ஆற்றல் பெற்றனரென 1989இல் வைசொக்கியும் உடனாய்ந்தோரும் வெளியிட்டனர். மூக்கின் குறைகள் சில பயிற்சியால் நீங்கத்தக்கன என்பதற்கு இது சான்று.

நான்காவது சொல்லும் நினைவும். நாற்றம் என்னுஞ் சொல் முற்காலத்தில் நறுமணத்துக்கும் உரியதாயிருந்து, பின்னர்த் தீய வாடையையே குறிப்பதாயிற்று. ஆகவே ஒரு மணத்தை இன்ன பெயரால் வழங்கிய மாத்திரத்தே அதன்பால் விருப்போ வெறுப்போ எழுதல் இயல்பு. ஹேர்ஸ், வொன் கிளெவ் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, ஒரே அமிலக் கலவையைப் பாற்கட்டி எனப் பெயரிட்டு முகரச் செய்தபொழுது விரும்பியோர், அதனையே வாந்தி எனப் பெயரிட்டபொழுது வெறுத்தனர். பல் வைத்தியசாலையில் நொந்தவர் குங்குமப்பூவின் மணத்திலும் மருந்தைக் காண்பர். திருவிழாவிலே தும்புமிட்டாய் உண்டவர் இனிமையைக் காண்பர். இருவருள் எவரும் பொய்யுரைப்பவரல்லர்.

இவற்றால் விளங்குவன இரண்டு. தமக்கு மணக்காத ஒன்றைப் பிறர் மணக்கின்றதெனக் கூறுமிடத்து அவரைப் பாசாங்குக்காரர் எனவும், தமக்கு இனிப்பதைப் பிறர் வெறுக்குமிடத்து அவரை இரசனையற்றவர் எனவும் இகழ்தல் நியாயமன்று. அவரவர் மூக்கு அவரவர்க்குரிய கருவி. ஒருவர் சான்றை மற்றொருவர் சான்றோடு ஒப்பிட்டே பொருளின் இயல்பு முழுவதும் அறியப்படும். இனி, அணிபவர் தம் மூக்கையே அளவுகோலாகக் கொள்ளுதலுந் தகாது. தமக்கு மணம் மங்கியதென்று மேலும் மேலும் தெளிப்பவர், வகுப்பறையிலோ பேருந்திலோ அடுத்திருப்பவர்க்குத் தலைநோவைத் தந்து தாம் அறியாதிருப்பர். அத்தகைய திரவியங்களை அணிய விழைவோர் சிறிதளவே அணிந்து, போதுமோ மிகையோ என்பதை அயலாரிடம் வினவி அறிதல் நன்று.