ஒருவரே பதின்மர்: 'தசாவதாரம்' காட்டும் கலையும் அறிவியலும்

கூத்து மேடையில் ஒரு கலைஞர் உடை மாற்றிப் பல வேடங்களில் தோன்றலாம். ஆயினும் ஒரே நேரத்தில் இருவராக நிற்றல் இயலாது. அதனை இயலச் செய்தது திரைப்படக் கருவியே. படச்சட்டத்தின் ஒரு பாதியை மறைத்து நடிப்பைப் பதிவு செய்வர். பின்னர்ச் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியில் அதே நடிகரை வேறு வேடத்தில் பதிவு செய்வர். இடையே கருவி இம்மியும் அசைதல் கூடாது.

தமிழில் இரட்டை வேடத்திற்கு வழிகாட்டிய 'உத்தம புத்திரன்' (1940) நம் பொம்மிடிக்கு அணித்தாகிய சேலத்தில் பிறந்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும். டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் உருவாக்கிய அப்படத்தில் பி. யு. சின்னப்பா இரு வேடம் தாங்கினார். வேற்றுக்கோள் மாந்தரைக் காட்டிய 'கலை அரசி'யில் (1963) எம்.ஜி.ஆர். இருவராகத் தோன்றினார். 'நவராத்திரி'யில் (1964) ஒன்பது சுவைகளுக்கு ஒன்பது வேடம் புனைந்தார் சிவாஜி கணேசன்.

இம்மரபின் உச்சமே 2008 சூன் 13இல் வெளிவந்த 'தசாவதாரம்'. கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய இதில் கமல்ஹாசன் பத்து வேடங்களை ஏற்றார். அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் செயற்கைத் தோல்களால் முகங்களை மாற்றினார். தனித்தனியே எடுத்த காட்சிகளைக் கணினி இணைத்தது.

கதை யாது? கொடிய நோய்க்கிருமி ஆயுதம் தீயோர் கைக்குச் செல்லாவண்ணம் காக்க ஓடுகிறான் அறிவியலாளன் கோவிந்தராஜன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் உப்புநீரில் அக்கிருமி அழிகிறது. எபோலா, மார்பர்க் ஆகியவை ஒரே குடும்பத்து வைரசுகள் என்பது உண்மையே. எனினும், ஆய்வுக்கூடங்கள் அவற்றை அழிக்கக் கடும் வெப்பத்தையும் கிருமிநாசினிகளையும் நாடுகின்றனவேயன்றி உப்பை நம்பியிருப்பதில்லை. ஈண்டு அறிவியலைக் கற்பனை வென்றுவிடுகிறது.

அதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. பல நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பேரலையை உலகைக் காத்த அலையாகக் காட்டல் தகுமோ? தாயை இழந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தாராது. படமும் இதனை முற்றிலும் மறக்கவில்லை. மணற்கொள்ளையை எதிர்த்த பூவராகன் பிறர் பிள்ளைகளைக் காத்துத் தன்னுயிர் துறக்கிறான்.

பத்து வேடங்களின் பயனும் ஆங்கேதான் விளங்குகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வேடத்தில் ஒப்பனையே முந்தி நிற்கிறது. நடிப்பு அதன்பின் மறைகிறது. பூவராகனிடமோ, நெடிதுயர்ந்த இளைஞன் கலிபுல்லா கானிடமோ நாம் முகமூடியைத் தேடுவதில்லை; மனிதரையே காண்கிறோம். சாதி, சமயம், நாடு எனப் பிரிந்து நிற்போர் அனைவருள்ளும் இருப்பது ஓர் உடலே எனப் படம் சொல்லாமற் சொல்கிறது.

2020இல் ஒரு நுண்கிருமி உலகையே வீட்டுக்குள் அடைத்ததை நாம் கண்டோம். ஆதலின், 'ஆக்கியவனே அழிவுக்கும் பொறுப்பாளி' எனும் இப்படத்தின் கருத்து நாளைய அறிவியலாளராகிய மாணவர்க்கு உரியது. வேடங்களை எண்ணி வியப்பதோடு நில்லாமல், அவ்வேடங்கள் எதற்காக என வினவுவதே கற்றோர்க்கு அழகு.